சாரலுக்கு முதுகு காட்டிய கோழிக்கூடு

தென்காசி, குற்றாலம் பக்கத்துப் பழைய வீடுகளில் கோழிக்கூட்டின் வாசல் கிழக்கே பார்த்திருக்கும். இலஞ்சி, மேலகரம், வல்லம், பண்பொழி, ஆய்க்குடி என்று நான் வேலை பார்த்த ஊர்களில் ஓட்டு வீடானாலும் மச்சு வீடானாலும் இந்த ஒன்று மாறாது. வீட்டு வாசல் தெருவைப் பொறுத்து எந்தத் திசையிலும் இருக்கலாம். கூட்டு வாசல் கிழக்கேதான். கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோழிக்கு ஊசி போட, விடியுமுன் புறவாசல் புறவாசலாக ஏறி இறங்கியவன். எந்த வீட்டில் கூடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. அந்தக் கூடுகள் பெரும்பாலும் இன்று இல்லை. அவற்றை அங்கங்கே வைத்ததற்கு இருந்த காரணங்களும் வைத்தவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காற்றிலிருந்து தொடங்க வேண்டும். தெற்கு வடக்காகச் சுவர்போல நிற்கும் மேற்கு மலை, செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் தாழ்ந்து கணவாயாகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தைச் சுமந்துகொண்டு இந்தக் கணவாய் வழியாக இறங்கி வருகிறது. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் மேற்கேயிருந்து விடாமல் காற்று, காற்றோடு சாரல். தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காற்றின் பலம் தெரியும். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் அது. சிதைந்து கிடந்த கோபுரம் 1990இல் புதிதாக எழுந்தது. வாசலைக் கடக்கும்போது வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு இந்தக் காற்று சுகம். நனைந்த கோழிக்கு இது எமன்.

கோழியின் உடம்பைக் காப்பது இறகுகளுக்கு அடியில் தங்கும் காற்று. எதிரே அடிக்கும் காற்றில் இறகு உடம்போடு படியும். பின்னாலிருந்து அடித்தால் இறகு தூக்கிக்கொள்ளும். ஈரம் தோல்வரை இறங்கும். பெரிய கோழி அதைச் சமாளித்துவிடும். பொரித்துச் சில நாளான குஞ்சுக்கு இறகே இல்லை, வெறும் தூவிதான். ஒரு ராத்திரி சாரல் உள்ளே அடித்தால் காலையில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை நசுங்கிக் கிடக்கும். வல்லத்தில் ஒரு ஆச்சி எனக்கு இதை ஒரே மூச்சில் சொன்னார்: “மேக்க பாத்து வச்சா ஆனி மாசம் ஒரு குஞ்சு தங்காதுய்யா. எங்க மாமியா காலத்துலயே கூடு இங்கனக்குள்ளதான் இருக்கு.” மாமியார் காலம் என்றால் எப்படியும் நூறு வருஷத்துக்கு முந்திய அனுபவம் அது.

எல்லாப் புறவாசலும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். தெற்கு வடக்காக ஓடும் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவின் கீழ்ச்சிறகில் இருக்கும் வீடுகள் மேற்கே பார்த்தவை. உள்ளே போனால் திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, அதற்கப்பால் கிழக்கே புறவாசல். வீட்டின் முழு நீளமும் சாரலுக்குத் தடுப்பு. அங்கே கூட்டை அடுக்களையின் பின்சுவரோடு ஒட்டிக் கட்டிவிடுவார்கள். சுவரின் மறுபக்கம் அடுப்பு. ராத்திரி அடுப்பு அணைந்த பிறகும் அந்தச் சுவரில் சூடு இருக்கும். மழைக்காலத்தில் கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தால் அந்த வெதுவெதுப்பு தெரியும். வடித்த கஞ்சியும் மிஞ்சிய சோறும் கொட்டக் கையெட்டும் தூரம். ராத்திரி கோழி கேறினால் அடுக்களையில் படுத்திருக்கும் ஆச்சிக்கு உடனே கேட்கும்.

மேற்சிறகு வீடுகளின் கதை வேறு. அவை கிழக்கே பார்த்தவை. புறவாசல் மேற்கே மலையைப் பார்த்துத் திறந்து கிடக்கும். அடுக்களைச் சுவரோடு கூட்டைக் கட்டினால் சாரல் நேராக அதன் வாசலில் அடிக்கும். அதனால் அங்கே கூட்டைப் புறவாசலின் கடைசிக்குக் கொண்டுபோய், தொழுவின் கிழக்குச் சுவரில் சாய்த்துக் கட்டினார்கள். தொழு இல்லாத வீட்டில் மேலண்டை மதில்சுவர். வீட்டைப் பார்த்தபடி, மலைக்கு முதுகைக் காட்டியபடி கூடு இருக்கும். ஆனால் வீட்டிலிருந்து தூரம் கூடிவிட்டது. கீரியும் மரநாயும் வந்தாலும் சத்தம் கேட்காது. ஆகவே குஞ்சுக்கோழியை மட்டும் அந்தக் கூட்டில் விடமாட்டார்கள். அந்தி சாய்ந்ததும் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் அடைத்துத் தார்சாவின் ஒரு மூலையில் வைத்து, மேலே அம்மிக் குழவியைப் பாரமாக வைப்பார்கள். குஞ்சுகள் பெரிதானதும் கூட்டுக்கு மாற்றுவார்கள். கீழ்ச்சிறகில் ஒரு இடம், மேற்சிறகில் இரண்டு இடம். ஒரே தெருவுக்குள் இந்த வேற்றுமை. எந்த நிபுணரும் வந்து சொல்லித்தரவில்லை.

ஐப்பசி பிறந்தால் காற்று திரும்பிவிடும். வடகிழக்குப் பருவமழை கிழக்கேயிருந்து வரும். கிழக்கு வாசல் அப்போது தொல்லை. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கூட்டுக்கு மேல் கூரையை இரண்டு முழம் முன்னால் நீட்டி இறக்கி, வாசலுக்கு முன் பனையோலைத் தட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். தை பிறந்ததும் தட்டி உள்ளே போய்விடும். சாரல் மூன்று மாதத்துக்கு மேல் ராப்பகலாக அடிக்கும். அதைத் தட்டியால் தடுத்துக் கட்டாது, சுவர் வேண்டும். ஐப்பசி மழை கொட்டும், நிற்கும், வெயிலும் இடையிடையே வரும். அதற்குத் தட்டி போதும். சுவரை எந்தப் பக்கம் வைப்பது, தட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் இரண்டு பருவமழைகளையும் எடைபோட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. கணவாய்க்கு நேரே உள்ள எங்கள் ஊர்களுக்கு இரண்டும் உண்டு. வேறு ஊரிலிருந்து கூட்டின் படத்தை வாங்கி வந்து இங்கே அப்படியே கட்ட முடியாது என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

கூட்டின் கட்டுமானம் எளியது. அடியில் கருங்கல் துண்டுகளும் சரளையும் போட்டு ஒரு முழம் உயர்த்துவார்கள். அதன்மேல் செம்மண்ணும் வைக்கோல் துணுக்கும் குழைத்த சுவர். உள்ளே குறுக்கே ஒரு கம்பு. மேலே பனஞ்சட்டம் பரப்பி மண் மெழுகி, பழைய நாட்டு ஓடு. வாசல் ஒரு சாண் அகலமும் ஒன்றரைச் சாண் உயரமும். அதை அடைக்க ஒரு பலகைக்கல். கூட்டைக் கிணற்றுக்குப் பக்கத்தில் கட்டமாட்டார்கள், மழைத்தண்ணீர் எச்சத்தை அடித்துக்கொண்டு கிணற்றில் சேரும் என்று. வைக்கோல் படப்பை ஒட்டியும் கட்டமாட்டார்கள். படப்பில் எலி இருக்கும், எலிக்குப் பின்னால் சாரைப்பாம்பும் நல்ல பாம்பும் வரும், முட்டைக்கு ஆபத்து. எருக்குழிக்குப் பக்கம் வைத்தால் கூட்டை வழித்துத் தள்ள எளிது. கோழி எரு சூடு என்பதால் மக்கவைத்துத்தான் தென்னைக்கும் வாழைக்கும் போடுவார்கள்.

சாம்பலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோழி மண்ணில் குழி பறித்துப் புரண்டுதான் பேனை உதறும். சாரல் காலத்தில் புறவாசல் முழுக்கச் சகதி. புரளக் காய்ந்த மண் கிடைக்காது. அதனால் தொழுவின் தாழ்வாரத்துக்கு அடியில், சொட்டு விழாத இடமாகப் பார்த்து, மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி வைத்திருப்பார்கள். கூட்டுக்கு இடம் தேடும்போதே இந்தக் குழிக்கும் இடம் தேடினார்கள். இன்று நான் பார்க்கிற புதுக்கூடுகள் எதிலும் இது இல்லை. பேன் மருந்து வாங்கித் தெளிக்கிறார்கள்.

கோழிக்கு ஏன் கம்பு வேண்டும் என்று கேட்டால் பதில் எங்கள் மலையிலேயே இருக்கிறது. குற்றாலத்து மலையடிவாரத்தில் விடியற்காலையில் சாம்பல் காட்டுச்சேவலின் குரலைக் கேட்கலாம். பகலெல்லாம் தரையைக் கிளறி மேயும். இருட்டியதும் மரத்திலோ மூங்கிலிலோ ஏறி அடையும். 1782இல் தன் இந்தியப் பயணத்தைப் புத்தகமாக வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் பியர் சொன்னராவின் பெயரைத்தான் அறிவியல் அந்தப் பறவைக்கு வைத்திருக்கிறது. அதன் கழுத்து இறகு, மீன் பிடிக்கும் தூண்டிலில் கட்டுவதற்காக ஒரு காலத்தில் மேல்நாடுகளுக்கு ஏற்றுமதியானது. இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியப் பக்கத்துச் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் வீட்டுக்கோழியின் மஞ்சள் கால் அதிலிருந்து வரவில்லை, இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. உலகம் முழுக்கப் பண்ணைகளில் நிற்கும் மஞ்சள் கால் கோழிகளுக்கெல்லாம் தென்னிந்தியக் காட்டில் ஒரு சொந்தம் இருக்கிறது. எனக்கு அதில் சொல்ல முடியாத பெருமை.

காட்டிலிருந்து முற்றத்துக்கு வந்த கோழியைச் சங்க இலக்கியம் அறியும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண், உலர வைத்த உணவைக் கொத்த வரும் கோழியின் மேல் தன் காதணியைக் கழற்றி எறிகிறாள். செல்வத்தைக் காட்டுவதற்காகப் புலவர் சொன்னது அது. எனக்கு அதில் கண்ணில் படுவது வேறு: ஆள் நடமாட்டமுள்ள முற்றம்தான் அன்றைக்கே கோழிக்கு மேய்ச்சல் இடம். எங்கள் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கன், கண்ணி வைத்துப் பறவை பிடிப்பவன். மலைப்பறவையின் நடமாட்டத்தை அறிந்தவர்கள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். கோழி எங்கே அடையும், எதற்குப் பயப்படும் என்பது அவர்களுக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை.

மலையடிவாரத்துக்குப் போகப் போகக் கூட்டின் இடமும் மாறும். அடவிநயினார் அணைக்குப் பக்கத்து மேக்கரையிலும் அதைச் சுற்றியுள்ள தோப்புகளிலும் தரையில் கூடு வைக்க முடியாது. மரநாய், காட்டுப்பூனை, கீரி, மலைப்பாம்பு எல்லாம் உண்டு. அங்கே நான்கு கால் நட்டு, நெஞ்சளவு உயரத்தில் பலகைக் கூடு. கால்களைச் சுற்றி வழவழப்பான தகரம். தோப்பு முழுக்க மரம் இருந்தும், கிளை கூரையைத் தொடாத வெட்டவெளியாகத் தேடுவார்கள். கிளை தொட்டால் மரநாய் நேராகக் கூரையில் இறங்கிவிடும். தென்னைக்கு அடியிலும் வைக்கமாட்டார்கள், மட்டை விழும். தோப்பு வீட்டின் கிழக்குப் பக்கம், நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கம், இதுதான் அங்கே வழக்கம்.

இலஞ்சிப் பக்கம் வேறு பிரச்சினை. சிற்றாற்றுத் தண்ணீர் கால்வாயில் ஓடி, கார் சாகுபடியின்போது வயல் நிறைந்து நிற்கும். புறவாசலே கசியும். கூட்டுத்தரை ஈரமானால் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும்; அந்தக் கிருமி ஈரமும் சூடும் சேர்ந்த எச்சத்தில்தான் பெருகும். அதனால் வயலைப் பார்த்த பக்கத்தை விட்டுவிட்டுத் தெருப்பக்கத்து மேட்டில் கூடு வைப்பார்கள். உமியைப் பரப்பி, கொஞ்ச நாளுக்கொரு தடவை மாற்றுவார்கள். அறுவடை முடிந்த வயலில் கேரளத்திலிருந்து வாத்துக்கூட்டம் மேய வரும். அந்த நாட்களில் கோழியை வயலுக்கு விடாத வீடுகள் உண்டு. வாத்துக்கு நோய் இருந்தாலும் வெளியே தெரியாது, கோழிதான் சாகும். பட்டறிந்து கண்டுகொண்டதை அவர்கள் வழக்கமாக்கிவிட்டார்கள்.

கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் போனால் சாரல் இல்லை. காற்று மட்டும் புழுதியோடு வரும். காற்றாலைகள் நிற்கிற நாடு அது. அங்கே கோழிக்கு எதிரி சித்திரை வெயில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். அங்கே கூடு வேப்பமரத்துக்கு அடியில், மத்தியான நிழல் விழும் இடத்தில் இருக்கும். மண்சுவருக்குப் பதில் இடைவெளி விட்டு அடுக்கிய கல், மேலே பனையோலை. தென்காசியிலிருந்து ஆலங்குளத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் கூட்டின் இலக்கணமே மாறிவிடுகிறது.

அரசும் நிறுவனங்களும் இந்தக் கதைக்குள் வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்போடு கோழி வளர்ப்பையும் பரப்பினார். வெள்ளை லெகார்ன் சேவல்களைக் கொண்டுவந்தார், முட்டையைக் கூட்டாக விற்கப் பழக்கினார். 1932இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். மார்த்தாண்டமும் செங்கோட்டையும் அப்போது ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1 அன்றுதான் இரண்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சீமைக்கோழி நிறைய முட்டையிடும். ஆனால் மேய்ந்து பிழைக்கும் சாமர்த்தியத்திலும் அடை உட்காரும் குணத்திலும் நாட்டுச் சிறுவிடைக்கு ஈடாகாது. அதை வளர்க்கத் தனி வீடு தேவைப்பட்டது. கோழிவீடு கட்டுவதற்கான விதிகள் எங்கள் பக்கம் வந்தது இப்படித்தான்.

அந்த விதிகளில் முதன்மையானது: கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய முனைகளில் மட்டும் படும். நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்து வலையோடு திறந்திருக்கும். உள்ளே உமி பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறை வந்தபோது இந்த விதி இன்னும் இறுகியது. பெட்டைக்கு இரண்டு சதுர அடி இடம், ஒன்றரை அடிக்குச் சுவர், அதன்மேல் வலை, மூன்றடிக்கு நீட்டிய கூரை என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். நான் இதை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்த்தபோது வியந்துபோனேன். கிழக்கு மேற்காகக் கட்டினால் சாரல் குறுகிய மேற்கு முனையில்தான் மோதும். அந்த முனையைக் கூரைவரை சுவராக அடைத்துவிட்டால் போதும். ஆச்சிகள் சின்ன அளவில் செய்து வைத்திருந்ததும் இதுவே. பயிற்சிப் புத்தகத்தில் மேற்கு முனையைப் பற்றி அழுத்தமாக ஒன்றும் இல்லை. அது வேறு ஊர்களுக்காக எழுதியது. நான் போன இடங்களில் எல்லாம் அந்தச் சுவரை வற்புறுத்தினேன்.

மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர்களோடு எனக்கு வாக்குவாதம் வந்ததும் இந்த இடத்தில்தான். ஆடுமாடு, கோழிக்கு வாயு மூலை, அதாவது வடமேற்கு, என்று அவர்கள் சொல்வார்கள். மற்ற ஊர்களில் இருக்கட்டும். செங்கோட்டை தென்காசிக்கு வடமேற்கில் இருக்கிறது. கணவாய்க் காற்று வரும் வழி அது. வாயு மூலையில் கூடு வைத்தால் வாயுவே அதை அள்ளிக்கொண்டு போகும். பழைய வீடுகளில் தொழுவை அங்கே வைத்துவிட்டுக் கோழிக்கூட்டைத் தொழுவின் மறைவில் கிழக்கே வைத்தார்கள். மாடு காற்றைத் தாங்கும். சாஸ்திரத்தையும் விடவில்லை, கோழியையும் சாகவிடவில்லை.

நோயின் வரலாறும் கூட்டின் இடத்தோடு சேர்ந்தது. வெள்ளைக்கழிச்சல் என்று நாங்கள் சொல்லும் நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்டது. இந்தியாவில் குமாவோன் மலையின் ராணிகேத்தில் கண்டறிந்ததால் ராணிகேத் நோய் என்றும் பெயர். ஒரு தெருவில் நுழைந்தால் மறுநாள் கேறச் சேவல் இருக்காது. 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை நிலையத்தில் தயாராகும் தடுப்பூசியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு நாங்கள் போவோம். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் முகாம் நடக்கிறது. கோழியைத் திறந்துவிடுமுன் போயாக வேண்டும். திறந்துவிட்டால் பிடிக்க முடியாது. கூடு அடுக்களையை ஒட்டி இருந்த வீடுகளில் பெண்கள் எங்கள் சத்தம் கேட்டதும் பலகைக்கல்லை லேசாக நகர்த்தி, ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து எடுத்துத் தருவார்கள். இறக்கைக்கு அடியில் ஒரு ஊசி, அடுத்த வீடு. முருங்கை மரத்திலும் வேலியிலும் கோழி அடைகிற வீடுகளில் பாதிக் கோழி ஊசி இல்லாமலே தப்பிவிடும். நோய் வந்தால் அவைதான் முதலில் விழும். நல்ல இடத்தில் ஒரு கூடு இருப்பதே பாதி வைத்தியம் என்று நான் சொல்லக் காரணம் இந்த அனுபவம்தான்.

பிறகு நாமக்கல் வந்தது, பல்லடம் வந்தது. முட்டையும் கறிக்கோழியும் லாரியில் வந்து இறங்கின. காரை வீடு கட்டும்போது புறவாசல் சிமெண்டுத் தளமாகி, குளியலறையாகி, வாடகை அறையாகிச் சுருங்கியது. தொழு போனது, தொழுவோடு சாம்பல் குழி போனது. ஆனால் நாட்டுக்கோழிக்கு மவுசு போகவில்லை. செங்கோட்டைக்குப் பக்கத்துப் பிரானூரில், இரண்டு ராஜ்யங்களுக்கு எல்லையாக இருந்த இடத்தில், இன்றும் பார்டர் புரோட்டாக் கடைகளில் கூட்டம் நாட்டுக்கோழிக்குக் காத்திருக்கிறது. சுடலைமாடன் கொடைக்குச் சேவல் வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குச் சிறுவிடைக் குஞ்சின் ரசம் வேண்டும். அதனால் சில ஆண்டுகளாக மறுபடியும் வீட்டுக்கு வீடு கூடு வைக்க ஆசைப்படுகிறார்கள். வனராஜா, நந்தனம் என்று இனங்களும் கிடைக்கின்றன. 2012இல் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு ஆலோசனை கேட்கவும் பக்கத்தில் இடம் இருக்கிறது.

ஆசை நல்லது. வைக்கிற இடம்தான் என்னை வருத்துகிறது. ஒரு திட்டத்தில் கொடுத்த நாலு பக்கமும் கம்பி வலை வைத்த கூண்டுகளை மொட்டைமாடியில் ஏற்றி வைத்தார்கள். மாடியில் இடம் இருக்கிறது என்பது ஒன்றே காரணம். சித்திரையில் தளத்துச் சூட்டில் கோழி மூச்சிரைத்தது. ஆனியில் சாரல் நான்கு பக்கமும் புகுந்தது. ஒரே பருவத்தில் பல வீடுகளில் கூண்டு காலி. “நம்ம ஊருக்குக் கோழி ஒத்துக்கிடாது சார்” என்று சொல்லிவிட்டார்கள். பாட்டனும் பூட்டனும் வளர்த்த ஊரில் நின்றுகொண்டு அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு மனம் ஆறவில்லை.

பறவைக் காய்ச்சலையும் இப்போது கணக்கில் சேர்க்க வேண்டும். 2014இல் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வந்தது, 2021 ஜனவரியில் மறுபடி வந்தது. அப்போதெல்லாம் புளியரைச் சோதனைச் சாவடியில் எங்கள் துறை ஆட்கள் நின்று, கேரளத்திலிருந்து வரும் வண்டிச் சக்கரங்களில் மருந்து தெளித்தார்கள். காட்டுவாத்தும் நீர்ப்பறவையும் வந்து தங்கும் குளத்தங்கரைகளை ஒட்டிக் கூடோ மேய்ச்சல் வேலியோ வேண்டாம். வேலிக்கு மேலும் வலை போடுங்கள். பிராந்துக்கும் காக்கைக்கும் அதுவே காவல். கோழிக்குத் தண்ணீரும் தீனியும் வைக்கிற இடத்துக்குக் கூரை இருக்கட்டும். மேலே பறக்கும் பறவையின் எச்சம் அதில் விழக்கூடாது.

பத்துக் கோழிக்கு ஐந்தடிக்கு நாலடி கூடு போதும். அதற்கு முன்னால் மேயக் கோழி ஒன்றுக்குப் பத்துச் சதுர அடியாவது வேலிக்குள் விடுங்கள், கூடினால் நல்லது. வேலியைக் கூட்டின் கிழக்கிலோ தெற்கிலோ இழுத்தால் காலை வெயில் தரையைக் காயவைக்கும். அடுத்த வீடு கிழக்கே நெருங்கி இருந்தால் முன்னதாக ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். சாரல் மாதங்களில் வாடை முழுக்க அவர்கள் பக்கம்தான் போகும்.

கூடு வைக்க நினைக்கிறவர்கள் மேஸ்திரியைக் கூப்பிடுமுன் ஒரு ஆனி மாதம் பொறுங்கள். சாரல் அடிக்கும் நாளில் குடையில்லாமல் புறவாசலுக்குப் போய், எந்தச் சுவரின் அடி நனையாமல் இருக்கிறது என்று பாருங்கள். கூட்டுக்கு இடம் அதுதான். தெருவில் எண்பது தாண்டிய ஆச்சி யாராவது இருந்தால், அவர்கள் வீட்டுக் கூடு எங்கே இருந்தது, ஏன் அங்கே இருந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்கிறதைத் தள்ளிப்போடாதீர்கள்.